தோற்கத் தெரிந்த சோதனை

மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் பீர் முகம்மதுவைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் மனைவி சபீதாவைத் தெரிந்தவர்களும் உண்டுதான். ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ‘கம்ப்யூட்டர்ல ஏதோ எழுதுதா’ என்பார் ஒருவர். ‘பெங்களூர் கம்பெனிக்குக் கணக்குப் பாக்குதா’ என்பார் இன்னொருவர். மாமியார் சுபைதா பேகம் மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: “எம் மருமவ குத்தம் கண்டுபிடிச்சே சம்பளம் வாங்குதா.”

அது உண்மைக்கு ரொம்பத் தூரமில்லை.

சபீதா பிறந்தது பேட்டையில். வாப்பா மதார் லாரி ஓட்டினார். ஒரே மகளைக் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கவைத்தார். படிப்பு முடிந்து சென்னையில் ஒரு கம்பெனியில், மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலை. பிறகு நிக்காஹ், மகள் தஸ்மியா, மாமனாரின் நீண்ட சுகவீனம் என்று வேலை கைவிட்டுப் போனது. மீண்டும் வேலை தேடிப் போனபோது, நேர்காணலில் ஒருவர் அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, “இத்தனை வருஷம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்று கேட்டார். கிண்டலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.  திரும்பும் ரயிலில் நெல்லை வந்து சேரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள மாட்டாள். ஜங்ஷனில் இருக்கும் கடைக்குப் பீர் முகம்மது ஒருமுறை திருட்டு அலாரம் வாங்கி, ஆள் வைத்து மாட்டினார். சாப்பாடு கொண்டுபோன சபீதா அதை நிமிர்ந்து பார்த்தாள்.

“திருடன் வந்தா அடிக்குமா மச்சான்?”

“பின்ன? பச்ச லைட் எரியுது பாரு.”

“அது கரண்ட் இருக்குன்னுல்லா காட்டுது?”

சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினாள். சாவி போடாமல் கம்பியால் நெம்பித் தூக்கினாள். அலாரம் மூச்சு விடவில்லை. கழற்றிப் பார்த்தால் ஷட்டரிலிருந்து வரவேண்டிய வயரை மாட்டியவன் இணைக்கவே இல்லை. பக்கத்துப் பலசரக்குக் கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். “பாய், ஒம்ம வீட்டம்மா இல்லன்னா திருடன் வந்து பச்ச லைட்டு வெளிச்சத்துல சாவகாசமா எடுத்துட்டுப் போயிருப்பான்வே!”

இந்தக் குணத்தை வேலையாக மதித்தது பெங்களூரில் உள்ள ஒரு சிறிய நிறுவனம். வீடுகளுக்கான இன்டர்நெட் பெட்டிகளைச் செய்கிறவர்கள் அவர்கள். அந்தப் பெட்டிகளுக்குள்ளும், போன்களுக்குள்ளும், பெரிய சர்வர்களுக்குள்ளும் அடித்தளமாக ஓடும் மென்பொருளைக் கெர்னல் என்பார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து பலர் சேர்ந்து எழுதுவது அது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து, ‘பார்த்தேன், சரி’ என்று பெயர் போட்ட பிறகே உள்ளே போகும். எல்லாம் பொதுவான மின்னஞ்சல் குழுவில், ஊரறிய நடக்கும். அங்கே வரும் சோதனைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் சபீதாவின் வேலையில் ஒரு பங்கு. வீட்டு மாடியில், தாழ்வாரத்தை அடுத்த அறையில் உட்கார்ந்து பார்த்தாள்.

அப்படி வந்ததுதான் யான் என்பவர் அனுப்பிய சோதனை. யான், ப்ராக் நகரத்துக்காரர். பெரிய நிறுவனம், நீண்ட அனுபவம். குழுவில் அவர் பெயரைக் கண்டால் பலரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் சரி என்று போட்டுவிடுவார்கள். அவர் அனுப்பியிருந்தது அட்டாமிக் கட்டளைகளுக்கான சோதனை.

அது என்னவென்று சுபைதா பேகம் ஒருநாள் கேட்டபோது சபீதா பொறுமையாகச் சொன்னாள். ஒரு சில்லுக்குள், அதாவது சிப்புக்குள், பல கோர்கள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனி மூளை மாதிரி. நினைவகத்தில் பத்து என்று ஒரு எண் இருக்கிறது. ரெண்டு கோரும் ஒரே நேரத்தில் அதைப் படித்து, ஆளுக்கொன்று கூட்டி, பதினொன்று என்று எழுதிவிட்டால் ஒரு கூட்டல் தொலைந்துபோகும். பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் பதினொன்று நிற்கும். அப்படி நடக்காமல், ஒருவர் எடுத்துக் கூட்டி வைக்கும்வரை இன்னொருவர் இடையில் புகமுடியாதபடி செய்வதுதான் அட்டாமிக் கட்டளை.

மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். “ரெண்டு மருமவ இருக்க வீட்டுல, அவ போடலன்னு இவளும் இவ போடலன்னு அவளும் கொழம்புக்கு உப்பு போடுத கத. அதத்தான சொல்லுத?”

“கிட்டத்தட்ட அதுதான் மாமி. அங்க உப்பு கூடும், இங்க கணக்கு கொறையும்.”

“இதுக்கு இன்ஜினீயரிங் எதுக்குட்டி?”

யானின் சோதனையில் இரண்டு வேலைகள், கோருக்கு ஒன்றாக, ஒரே எண்ணில் லட்சக்கணக்கான முறை கூட்டும். கடைசியில் கூட்டுத்தொகை சரியாக வந்தால் பாஸ். சபீதா ஓட்டிப் பார்த்தாள். பாஸ். மறுபடி ஓட்டினாள். பாஸ். பிறகு தன் வழக்கப்படி அதைக் கெடுத்துப் பார்த்தாள். தன்னிடமிருந்த கெர்னல் பிரதியில் அட்டாமிக் கூட்டலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பாதுகாப்பில்லாத சாதாரணக் கூட்டலை வைத்தாள். இப்போது சோதனை தோற்றாக வேண்டும்.

பாஸ் என்றே வந்தது.

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரி வரியாகப் படித்ததில் காரணம் பிடிபட்டது. முதல் வேலை தொடங்கி, இரண்டாவது வேலை தயாராகி வருவதற்குள் முதலாவது தன் கூட்டலையெல்லாம் முடித்துவிட்டிருந்தது. இரண்டும் நேருக்கு நேர் மோதவே இல்லை. மோதாத இடத்தில் எந்தக் கூட்டலும் சரியாகத்தான் வரும். இந்தச் சோதனையால் தோற்கவே முடியாது.

பணிவாக, ஆனால் மழுப்பாமல் எழுதினாள்: நான் அட்டாமிக்கை எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் உங்கள் சோதனை பாஸ் ஆகிறது, இரண்டு வேலைகளும் ஒரே சமயத்தில் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

யானின் பதில் சுருக்கமாக வந்தது. ‘எங்கள் ஆய்வகத்தில் எல்லா இயந்திரங்களிலும் பல மாதங்களாக ஓடுகிறது. பிரச்சினை எதுவும் இல்லை. உங்கள் அமைப்பைச் சரிபார்க்கவும்.’

கடுமையான வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊரறிய எழுதப்பட்ட வரி அது. சபீதாவுக்கு முகம் சுட்டது. பதில் எழுதத் தொடங்கி அழித்தாள், மறுபடி எழுதி அழித்தாள். நேர்காணலில் கேட்ட அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து தொலைத்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பீர் முகம்மது அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சபீ, ஒரு மாதிரியா இருக்க?”

சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவரு ஓடுதுன்னு சொல்லுதாரு. நீ தோக்கலன்னு சொல்லுத. ரெண்டும் வேற வேற பேச்சுல்லா?”

“ஆமா மச்சான். அதத்தான் அவருக்குப் புரிய வைக்கணும்.”

“பேசிப் புரியாது. செஞ்சு காட்டு. எங்கடையில வாரவன்ட்ட பேட்டரி போச்சுன்னு எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டான். வேற பேட்டரிய மாட்டி எரியவிட்டாத்தான் நம்புவான்.”

அவள் சோதனையையே திருத்தி எழுதினாள். இரண்டு வேலைகளும் ஒரு கோட்டில் வந்து நின்று காத்திருக்க வேண்டும், இரண்டும் தயார் என்றான பிறகே ஒன்றாகப் புறப்பட வேண்டும். உண்மையிலேயே மோதினவா என்பதையும் சோதனையே கவனித்துச் சொல்ல வேண்டும். எழுதி முடித்து லேப்டாப்பில் ஓட்டினாள். அட்டாமிக் இருந்தபோது பாஸ். எடுத்துவிட்டு ஓட்டியதும் கூட்டுத்தொகை சரசரவென்று குறைந்து, தோல்வி என்று சிவப்பில் வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அனுப்புவதற்கு முன் போன்களிலும் ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. இந்தப் போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குள் வந்தது. பீர் முகம்மதுவின் கடையில் இடுப்பளவுத் தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் நனைந்த போன்களோடு ஊரே கடைக்கு வந்தது. பிழைத்தவை போக, திரை செத்தும் உள்ளே உயிர் இருந்தவை நிறைய. சரிசெய்யும் செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்று பலர் விட்டுவிட்டுப் போனார்கள். ஐயம்பெருமாள் அண்ணாச்சியும், “இது இனி எனக்கு எதுக்குவே? நீரே வச்சுக்கிடும்” என்று தன்னுடையதைத் தந்துவிட்டார். பீர் முகம்மது உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, சர்க்யூட் பலகைகளைக் காயவைத்துத் துடைத்து, வெவ்வேறு சில்லு உள்ளவையாகப் பொறுக்கி சபீதாவுக்குக் கொண்டுவந்தார். மாடி அறையின் சுவர் அலமாரியில், ஒயர் தொங்க, திரையில்லாமல் வரிசையாக நின்றன.

ஒவ்வொன்றாக ஓட்டினாள். பாஸ், பாஸ் என்று வந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் போனில் மட்டும் தோல்வி.

அட்டாமிக்கை அவள் எடுக்கவே இல்லை. எல்லாம் முறைப்படி இருந்தது. ஆனாலும் கூட்டுத்தொகை குறைந்தது. மறுபடி ஓட்டினாள். மறுபடியும் குறைந்தது.

திருத்திய சோதனையையும் இந்த முடிவையும் சேர்த்தே குழுவுக்கு அனுப்பினாள். இம்முறை யான் நீண்ட பதில் எழுதினார். முதல் பாதியில் தன் தவறை ஒப்புக்கொண்டிருந்தார்: அவள் சொன்னபடி செய்து பார்த்ததாகவும், தன் சோதனை எதையும் சோதிக்கவே இல்லை என்றும், அவளுடையதே சரி என்றும். இரண்டாம் பாதியில் ஒரு சந்தேகம். ‘அந்தப் போன் வெள்ளத்தில் மூழ்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் நினைவகம் கெட்டுப்போயிருக்கலாம் அல்லவா?’

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். அதே சில்லு உள்ள, தண்ணீர் படாத போன் ஒன்று வேண்டும். பழைய மலிவு ரகம். பீர் முகம்மது கடையில் தேடினார். இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், உம்மாவின் கையைப் பார்த்தார். சுபைதா பேகம் சார்ஜாவில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள்.

“சபீ, உம்மா போனு அந்தச் சில்லுதான்.”

“வேண்டாம் மச்சான். எல்லாத்தையும் அழிக்கணும்.”

“என்னத்தடா அழிக்கணும்?” என்றாள் சுபைதா பேகம், காதில் விழுந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னார்கள். போட்டோ எதுவும் போகாது, எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப ஏற்றித் தருகிறோம் என்று பீர் முகம்மது சத்தியம் பண்ணாத குறை. மாமியார் போனை மடியில் வைத்துக்கொண்டு மருமகளையே பார்த்தாள்.

“ஏட்டி, நீ சொல்லுதது சரின்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்னு நெனக்கேன் மாமி. நிச்சயமாத் தெரியணும்னுதான் கேக்கேன்.”

“தண்ணி குடிச்ச போனு பொய் சொல்லுதுன்னு சொல்லுதாவளோ?”

“அப்பிடி இருக்கலாம்லான்னு கேக்குறாங்க.”

“எம் போனுல தண்ணிப் பொட்டு பட்டதில்ல. வச்சு நிரூபி. ஆனா வெள்ளிக்கிழம எம் மவ கூப்பிடுவா. அதுக்குள்ள திரும்பத் தந்துரணும்.”

சபீதா போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மாமியார் அந்தப் போனைத் தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள்.

உள்ளிருந்ததை எல்லாம் பிரதி எடுத்தார்கள். கெர்னலை ஏற்றினார்கள். சுபைதா பேகம் மாடிப்படி ஏறமாட்டாள், மூட்டுவலி. அன்று ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். சோதனை ஓடியது. வரிகள் மேலே ஏறின. தோல்வி. கூட்டுத்தொகை அதே ரீதியில் குறைந்திருந்தது.

“என்ன சொல்லுது எம் போனு?”

“நான் சொன்னதத்தான் சொல்லுது மாமி.”

“மாஷா அல்லாஹ்” என்றாள் மாமியார், தன் போன் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல.

இனி இடம் கண்டுபிடிக்க வேண்டும். கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களை அந்தந்தச் சில்லுக்குப் புரியும் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. அது போனுக்கு எதை எழுதிக்கொடுத்தது என்று சபீதா பிரித்து எடுத்துப் படித்தாள். புதிய சில்லுகளில் அட்டாமிக் கூட்டல் ஒரே கட்டளை. பழையவற்றில் அது கிடையாது. அங்கே எண்ணை எடுத்து, கூட்டி, இடையில் வேறு யாரும் தொடவில்லை என்றால் மட்டும் திரும்ப வைக்க வேண்டும். தொட்டிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எழுதப்பட்டிருந்ததில் எடுப்பது இருந்தது, கூட்டுவது இருந்தது, வைப்பது இருந்தது. ஒருவகைக் கூட்டலில் மட்டும், ‘முதலிலிருந்து ஆரம்பி’ என்ற ஒரு வரி இல்லை. இன்னொருவர் குறுக்கே வந்தால் கூட்டியது காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது.

யானின் ஆய்வகத்தில் இருந்தவை எல்லாம் புத்தம்புதிய சர்வர்கள். அங்கே இந்த வழி ஓடவே ஓடாது. பழைய சில்லுகளோ உலகமெங்கும் மலிவு போன்களிலும் இன்டர்நெட் பெட்டிகளிலும் கோடிக்கணக்கில் இருந்தன.

இரண்டு போன்களின் முடிவுகளையும், விடுபட்ட வரி எங்கே வரவேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினாள். சொன்ன வெள்ளிக்கிழமைக்கு முன்பே மாமியாரின் போன், படங்களும் எண்களும் ஒன்றும் குறையாமல், அவள் கைக்குத் திரும்பியது. யான் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் திருத்தம் அனுப்பினார். பிழையைக் கண்டுபிடித்தவர், சோதித்துப் பார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் சபீதாவின் பெயர் இருந்தது. திருத்தத்தோடு சேர்ந்து போன சோதனையில், எழுதியவர் என்று மறுபடியும் அவள் பெயர். அண்ணாச்சியின் போனில் ஓட்டிப் பார்த்தாள். கூட்டுத்தொகை ஒன்றுகூடக் குறையாமல் நின்றது.

பீர் முகம்மது கடையில் விஷயத்தைச் சொன்னபோது ஐயம்பெருமாள் அண்ணாச்சி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார்.

“எம் போன்லயா பாய்? நெசமாவா?”

“ஒம்ம போன்லதான் அண்ணாச்சி மொதல்ல மாட்டுச்சு.”

“அந்தச் சனியன நான் நாலு நாளைக்கு ஒருக்கா தரையில அடிச்சிருக்கேன்வே. பேசிட்டிருக்கும்போதே நின்னு போவும்.” பீர் முகம்மதுவின் பக்கம் குனிந்தார். “ஒம்ம வீட்டம்மா பேரு உலகம் பூரா போயிருக்கும், என்ன?”

“போயிருக்கு. இனி வார புதுப் போன் எல்லாத்துக்குள்ளயும் அந்தத் திருத்தம் இருக்கும்.”

அண்ணாச்சி தன் கடைக்குத் திரும்பி, வந்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் அதை அப்படியே சொன்னார், கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

மழைக்காலம் முடிந்த பிறகு, அந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கூடும் கருத்தரங்கில் அவளைப் பேசக் கேட்டார்கள். அவள் பயணம் போகவில்லை, மாடி அறையிலிருந்தே காணொளியில் பேசினாள். நல்ல பருத்திப் புடவை கட்டி, தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஒரு சோதனை பாஸ் ஆனது என்று சொல்வதற்கு முன், அது எப்போது தோற்கும் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான் அவள் பேச்சு. பாதியில் பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு எழுந்தது. அறை முழுக்க நிறைந்த சத்தம். அவள் ஒரு கணம் தடுமாறிவிட்டு, “இது முடியும்வரை பொறுங்கள்” என்றாள். திரையில் இருந்த அத்தனை முகங்களும் அமைதியாகக் காத்திருந்தன. பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். குரல் முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

முடிவில் யான் பேசினார். பிறகு அந்தப் பகுதியின் பொறுப்பாளர் பேசினார். கைதட்டினார்கள். கணினியை மூடியபோது பீர் முகம்மது கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருந்தார். அவர்கள் பேசிய இங்கிலீஷில் அவருக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது.

“கடைசியில என்ன சொன்னாவ சபீ?”

“இந்தப் பகுதிக்கு இனிமே யாரு சோதனை அனுப்பினாலும் எனக்கும் ஒரு பிரதி வரணும்னு எம்பேரப் போட்டுட்டாங்க. நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் உள்ள போவுமாம்.”

“யாரு அனுப்பினாலுமா?”

“யாரு அனுப்பினாலும்.”

 பீர் முகம்மது மாடிப்படியின் பக்கம் திரும்பி, கீழே கேட்கும்படி உரக்கக் குரல் கொடுத்தார்.

“உம்மா! தேயில போடுங்கோ. ஒங்க மருமவளுக்கு வேல கூடிப்போச்சு!”